ஹெலிகாப்டர் இறங்க நிலம் கேட்டால்... என்ன செய்ய வேண்டும்?

திண்டுக்கல் மாவட்டம், ரெட்டியார்சத்திரம் வட்டாரம் காய்கறிக்கும் முருங்கைக்கும் பேர்போன பூமி. இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் உருவான காய்கறி மகத்துவ மையமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் கொடைக்கானல் மலை, இன்னொரு பக்கம் பழநி போகும் சாலை. இப்படிப்பட்ட ஊரில், ‘ஹெலிகாப்டர் இறங்க உங்கள் புஞ்சையைக் கொடுங்கள், நல்ல வாடகை தருகிறோம்’ என்று யாராவது வந்தால், சம்சாரி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பறப்பதற்கான அனுமதி வேறு, நிலத்துக்கான அனுமதி வேறு.

ஒரு நாளா, நிரந்தரமா?

ஹெலிகாப்டர் பறப்பதை ஒழுங்குபடுத்துவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். தேர்தல் பிரசாரம், விழா என ஒரு நாள் மட்டும் இறங்குவதற்கு, நில உரிமையாளரின் சம்மதத்தோடு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வாங்குவது நடைமுறை. அதை வாங்க வேண்டியது ஹெலிகாப்டரைக் கொண்டுவருபவர்கள்தான்.

நிரந்தரத் தளம் என்றால் கதையே வேறு. விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற, 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஒப்புதல் தேவை. திட்டப் பகுதிக்குள் வராத கிராமங்களுக்கு, அந்தச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017-ம் ஆண்டு விதிகளும் பொருந்தும். பூமிதான நிலம், நிபந்தனைப் பட்டா நிலம் வைத்திருப்பவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நிபந்தனையை மீறினால் பட்டாவே ரத்தாகலாம்.

ஊட்டி சொல்லும் பாடம்

2023 கோடை விழாவையொட்டி, ஊட்டியில் ஹெலிகாப்டர் சுற்றுலாவுக்கு ஏற்பாடானது. வன உயிர்களுக்குப் பாதிப்பு என்று வழக்கு போடப்பட, மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசு முன்னின்று செய்த ஏற்பாடே நின்றுபோனது என்றால், வாய்வார்த்தையை நம்பி நிலத்தைக் கொடுப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணுக்கு என்ன ஆகும்?

தளத்துக்காக ரோலர் ஓட்டினால் மேல்மண் இறுகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது, வேரும் ஓடாது. உளிக்கலப்பையால் ஆழ உழுது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதுதான் மண்ணைத் தேற்ற வேண்டும். இறக்கைக் காற்றில் புழுதி கிளம்பும். பக்கத்துத் தோட்டத்து நிழல்வலையும் வாழை இலையும் கிழியும், ஆடு மாடுகள் மிரளும்.

கையெழுத்துக்கு முன்...

* அனுமதி ஆணைகளின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும்.
* பயிர்ச்சேதம், அக்கம்பக்கத்து நஷ்டஈடு, ஜல்லி, சிமென்ட்டை அகற்றி நிலத்தைப் பழையபடி உழுது கொடுக்கும் செலவு ஆகியவை யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.
* ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால், பத்திரப்பதிவு கட்டாயம்.
* சந்தேகம் இருந்தால், திண்டுக்கல்லில் உள்ள நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து விசாரிக்கலாம்.

ஆட்சேபம் உள்ள பக்கத்து நிலத்துக்காரர்களும் சும்மா இருக்கத் தேவையில்லை. ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் பேசி, தீர்மானமாகப் பதிவு செய்யவும் கேட்கலாம்.