திராட்சை இலையில் மூளைக்கு மருந்து: விவசாயிக்கு ஆதாயம் உண்டா?

திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யும்போது ஏராளமான இலைகள் கழிக்கப்படுகின்றன. அவை பெரும்பாலும் வரப்பில் குவிக்கப்பட்டு எரிக்கப்படுகின்றன. இந்த இலையிலிருந்து மூளைக்கு நலம் தரும் சத்தைப் பிரித்தெடுக்கலாம் என்ற பேச்சு இப்போது பரவி வருகிறது. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடும் சிறு விவசாயிகள் இதன் உண்மை நிலையை அறிந்து கொள்வது நல்லது.

இலையில் உள்ள சத்து

திராட்சை இலையில் குவர்செடின் வகைப் பொருள்களும் காஃப்டாரிக் அமிலமும் உள்ளன. ரெஸ்வெரட்ரால் என்ற பொருளும் உண்டு. பூசணம் தாக்கினாலோ, புற ஊதாக் கதிர் பட்டாலோ கொடி தன்னைக் காத்துக் கொள்ள இதை இலையில் உண்டாக்குகிறது. இதனை 1976-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

நறுக்கிய ஆப்பிள் காற்றுப் பட்டுக் கறுப்பது போல, உடலின் செல்களும் பிராணவாயுவின் வினையால் கெடுகின்றன. மேற்கூறிய பொருள்கள் இந்தக் கேட்டைத் தடுக்கும் தன்மை உடையவை. உடல் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடல் செலவிடும் பிராணவாயுவில் சுமார் 20 பங்கை அது எடுத்துக் கொள்கிறது. எனவேதான் ஆராய்ச்சியாளர்கள் இதில் கவனம் செலுத்துகின்றனர்.

பிரித்தெடுக்கும் முறை

இலைகளைக் கழுவி, நிழலிலோ மிதமான சூட்டிலோ உலர்த்துகின்றனர். அதிகச் சூடு சத்தைக் கெடுக்கும். பின்னர் பொடியாக்கி, எரிசாராயமும் தண்ணீரும் கலந்த திரவத்தில் ஊற வைத்து வடிகட்டுகின்றனர். காற்றழுத்தத்தைக் குறைத்து, குறைந்த சூட்டில் சாராயத்தை ஆவியாக்கினால் கெட்டியான சாறு கிடைக்கும். எரிசாராயம் வாங்கவும் வைத்திருக்கவும் அரசு உரிமம் வேண்டும். இயந்திரச் செலவும் அதிகம். ஆகவே இது வீட்டிலோ களத்திலோ செய்யக் கூடிய தொழில் அல்ல.

மூளைக்கு உதவுமா?

சோதனைச் சாலையிலும் எலிகளிடத்தும் நல்ல பலன்கள் தெரிந்துள்ளன. மனிதரிடத்தில் இன்னும் உறுதிப்படவில்லை. மறதி நோய் உள்ள 119 பேரைக் கொண்டு அமெரிக்காவில் 52 வாரங்கள் நடத்திய ரெஸ்வெரட்ரால் சோதனையின் முடிவு 2015-ல் வெளிவந்தது. நினைவாற்றல் கூடியதாக அதில் நிரூபிக்கப்படவில்லை. ஐரோப்பாவில் சிவந்த திராட்சை இலைச் சாறு மருந்தாக விற்கப்படுவது உண்மை. ஆனால் அது இரத்த ஓட்டக் குறைவால் கால் கனத்து வீங்குவதற்கே தவிர, மூளைக்கு அல்ல. எனவே மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இலைக் கஷாயம் குடிப்பது கூடாது.

மருந்து தெளித்த இலை ஆபத்து

திராட்சையில் அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய் முதலியவற்றுக்குப் பல முறை மருந்து தெளிக்கிறோம். போர்டோ கலவையின் தாமிரமும் மற்ற மருந்துகளும் இலையிலேயே தங்குகின்றன. கழுவினாலும் முழுவதும் போவதில்லை. சாற்றைக் கெட்டியாக்கும்போது சத்துடன் சேர்ந்து நஞ்சும் செறிவாகலாம். அத்தகைய இலையைக் கஷாயம் வைக்கவோ, சமைக்கவோ கூடாது. செம்மறியாட்டுக்கும் போடக் கூடாது. தாமிரம் அதிகமானால் செம்மறி இறந்துவிடும்.

விவசாயிகள் கவனத்திற்கு

துருக்கி நாட்டில் திராட்சை இலையே விற்பனைப் பொருள். அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிச் சமைப்பதற்காக, இளம் இலைகளைப் பறித்து உப்பு நீரில் ஊறவைத்து விற்கின்றனர். கவாத்தில் கழிந்த முற்றல் இலை அதற்கு உதவாது. இலைக்கென்று தனியாகக் கவனித்துப் பறித்தால்தான் விலை கிடைக்கும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

இலை வாங்குவதாக யாரேனும் வந்தால், விலை, எடை, ஈரப்பதம், பணம் தரும் நாள் ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். நஞ்சு எஞ்சியுள்ளதா என்ற பரிசோதனைச் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே பேசிக் கொள்ள வேண்டும். முன்பணமோ, இயந்திரத்துக்குப் பங்குத் தொகையோ கேட்டால் கொடுக்க வேண்டாம். இலைக்காக இலையைப் பறித்தால் பழம் சிறுத்துவிடும். இலைதான் காய்க்கு உணவு தயாரிக்கிறது.

வாங்குவோர் இல்லாத வரை, நோயற்ற கவாத்து இலைகளைச் சாணத்துடன் அடுக்கி மக்க வைத்து உரமாக்குவதே உறுதியான ஆதாயம். நோய் கண்ட இலைகளைத் தோட்டத்துக்கு வெளியே அப்புறப்படுத்த வேண்டும். ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்திலோ, வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடமோ ஆலோசனை கேட்ட பிறகே புதிய முயற்சியில் பணம் போடுவது நல்லது.