‘ஆவன செய்யவும்’ என்றால் யார் செய்வது?
வாய்ச்சொல் வழக்கு – தொடர் 9

பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளித் தோட்டங்கள் அதிகம். மொட்டுப் பறித்து, மூட்டை கட்டி, சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பி, அந்த வருமானத்தில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பங்கள் இங்கே உண்டு. பிள்ளைகளில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாமல் வளர்ந்தவர்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வில் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: ‘மைசெல்ஃப் செல்வி, பேசிக்கலி ஐயாம் ஃப்ரம் சேலம்.’ கேட்பவர் முகம் சுளிக்கிறார். அந்தச் சுளிப்பைப் பார்த்த பிள்ளைக்கு அடுத்த வாக்கியம் வருவதில்லை.

எரிச்சலூட்டும் ஆங்கிலம் என்று ஒரு பட்டியல் நம்மிடையே நெடுநாளாகப் புழங்குகிறது. ‘ப்ரீபோன்’, ‘கசின் பிரதர்’, ‘பாஸ்டு அவுட்’, ‘நவ் ஒன்லி ஐ கேம்’, ‘டூ ஒன் திங்’ என்று அது நீளும். பயிற்சி வகுப்புகளில் இவற்றைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இவற்றில் பல சிரிப்புக்கு உரியவை அல்ல என்பது விளங்கும்.

‘இப்பத்தான் வந்தேன்’ என்று தமிழில் அழுத்தம் கொடுக்கிறோம். அந்தத் ‘தான்’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஒன்லி’ ஆகிறது. ‘ஒண்ணு பண்ணுங்க’ என்று யோசனை சொல்லத் தொடங்குவோம். அதுவே ‘டூ ஒன் திங்’. ‘சும்மாதான் வந்தேன்’ என்பது ‘சிம்ப்ளி ஐ கேம்’. போனை எடுத்ததும் மரியாதையாக ‘சொல்லுங்க’ என்பது நம் வழக்கம். அதையே ‘டெல் மீ’ என்றால், இங்கிலாந்துக்காரர் காதுக்கு அதட்டலாகப் படும். பேசுபவர் மனத்தில் இருப்பதோ மரியாதை. சொற்கள் ஆங்கிலம், வாக்கியத்தின் எலும்பு தமிழ். பன்னிரண்டு ஆண்டு தமிழில் யோசித்த பிள்ளையிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

‘கசின் பிரதர்’ இன்னும் ஆழமான கதை. ஆங்கிலத்தில் சித்தப்பா மகனும் கசின், மாமன் மகனும் கசின். நம் வீட்டில் சித்தப்பா மகன் அண்ணன் அல்லது தம்பி. மாமன் மகன் மச்சான். முன்னவரோடு கல்யாணப் பேச்சே எழாது. பின்னவர் முறை உள்ளவர். இந்த வேறுபாட்டின் மேல் நிற்கும் திராவிட உறவுமுறையைப் பற்றி அமெரிக்க அறிஞர் தாமஸ் டிரௌட்மன் 1981இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். ‘கசின்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காததை ‘கசின் பிரதர்’ சொல்லிவிடுகிறது. சகலையை ‘கோ-பிரதர்’ என்பதும் அப்படித்தான். மனைவியின் சகோதரர், அக்காள் கணவர், மனைவியின் தங்கை கணவர் எல்லோரையும் ‘பிரதர்-இன்-லா’ என்ற ஒரே பெயரில் ஆங்கிலம் அடைத்துவிடுகிறது. நம்மவர்கள் அதில் ஒரு கதவைத் திறந்திருக்கிறார்கள்.

‘ப்ரீபோன்’ இந்தியர்கள் செய்த தவறு என்றே பலரும் நம்புகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இன்றைய பொருளில் அதற்குக் காட்டும் பழைய சான்று 1913 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் வந்த ஒரு வாசகர் கடிதம். ‘போஸ்ட்போன்’ இருக்கும்போது அதற்கு எதிர்ச்சொல் வேண்டாமா என்பது கடிதம் எழுதியவரின் எண்ணம். அமெரிக்காவில் அது வேரூன்றவில்லை, இந்தியாவில் ஊன்றியது. நிச்சயதார்த்தமோ தேர்வோ ஒரு வாரம் முன்னால் நகர்ந்தால் அதை ஒரே சொல்லில் சொல்லும் தேவை நமக்கு இருந்தது. தேவைதான் சொல்லை உண்டாக்கும் என்பதைச் சேலத்துக்காரர்கள் நன்கு அறிவார்கள். அந்தக் கடிதம் வந்த மூன்று ஆண்டுகளில், 1916இல், சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, இயற்பியலையும் வேதியியலையும் கணிதத்தையும் தமிழில் சொல்லச் சொற்கள் தேடி ஒரு கலைச்சொல் சங்கத்தைத் தொடங்கினார்.

படிப்பை முடித்ததை நாம் ‘பாஸ்டு அவுட்’ என்கிறோம். ஆங்கிலேயருக்கு அது மயங்கி விழுந்தது. ஆனால் ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறும் நாளை ‘பாஸிங் அவுட் பரேடு’ என்று அழைத்தவர்களும் அவர்களே. சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்தில் இன்றும் அந்தப் பெயரில்தான் அணிவகுப்பு நடக்கிறது.

‘பேசிக்கலி’, ‘ஆக்சுவலி’, ‘யூ நோ’ ஆகியவற்றின் மீதும் பலருக்குக் கோபம் உண்டு. தமிழில் ‘வந்து’, ‘அதாவது’, ‘என்னன்னா’ என்று நாம் எடுத்துக்கொள்ளும் மூச்சு இடைவெளிகளே அவை. ஆங்கிலத்தில் ‘அ’, ‘அம்’ என்று தயங்கும் ஒலிகளை ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். ‘சற்றுப் பொறுங்கள், சொல்ல வருகிறேன்’ என்று கேட்பவருக்குத் தரும் அடையாளம் அது என்பது அவர்கள் முடிவு. அளவோடு வந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

சொற்களின் மேல் எரிச்சல் கொள்வதும் புதிதல்ல. கும்பலைக் குறிக்கும் ‘மாப்’ என்ற சுருக்கச் சொல்லைக் கண்டித்து ஜோனத்தன் ஸ்விஃப்ட் 1710இல் பத்திரிகையில் எழுதினார். இன்று அது எல்லா அகராதிகளிலும் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள லேக் சுப்பீரியர் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1976 முதல் ஆண்டுதோறும் விலக்க வேண்டிய சொற்களின் பட்டியலை வெளியிடுகிறது. பட்டியல் வந்துகொண்டே இருக்கிறது. சொற்களில் பலவும் இருந்துகொண்டே இருக்கின்றன.

அப்படியானால் எரிச்சல் கொள்ள வேண்டிய ஆங்கிலமே கிடையாதா? உண்டு. அது அலுவலக மேசைகளில் இருக்கிறது.

‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.’ வெள்ளைக்காரர் காலத்துக் கடித நடை இது. அவர்கள் ஊரில் அது பழையதாகிவிட்டது. இங்கே அரசு, தனியார் என்று வேறுபாடு இல்லாமல் ஓடுகிறது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்த பிறகும், இந்த நடை ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று தமிழ் உடுத்தி உட்கார்ந்திருக்கிறது. அந்த வாக்கியத்தில் செய்ய வேண்டியவர் யார் என்பது இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பது இல்லை. எப்போதைக்குள் என்பதும் இல்லை.

பதிலும் அதே நடையில் வருகிறது: ‘அண்டர் பிராசஸ்’, ‘ஃபார்வேர்டட் ஃபார் நெசஸரி ஆக்‌ஷன்’, ‘மனு பரிசீலனையில் உள்ளது’. ரயில் தாமதமானால் ‘இன்கன்வீனியன்ஸ் இஸ் ரிக்ரெட்டட்’ என்று ஒலிபெருக்கி சொல்கிறது. வருந்துபவர் யார் என்று வாக்கியத்தில் இடமே இல்லை. செய்பவரை மறைக்கும் இத்தகைய வாக்கிய அமைப்பை ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில் கடுமையாகச் சாடினார். இரண்டு ஆண்டு கழித்து, பிரிட்டிஷ் நிதித்துறை கேட்டுக்கொண்டதால், எர்னஸ்ட் கௌவர்ஸ் அரசு ஊழியர்களுக்கென்றே எளிய நடைக் கையேடு எழுதினார். அமெரிக்கா 2010இலும், நியூசிலாந்து 2022இலும் அரசு எளிய மொழியில் எழுத வேண்டும் என்று சட்டமே இயற்றின.

திங்கள்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் நடக்கிறது. பட்டா மாறுதல், வண்டிப்பாதை, தெருவிளக்கு என்று கையில் மனுவோடு கிராமத்து மக்கள் காத்து நிற்கிறார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு ‘நடவடிக்கையில் உள்ளது’ என்ற பதில் கொடுமையானது. ‘மைசெல்ஃப்’ என்று சொன்ன பிள்ளையால் யாருக்கும் நட்டமில்லை. ‘அண்டர் பிராசஸ்’ என்று எழுதிய பேனாவால் ஒரு குடும்பத்தின் காரியம் மாதக்கணக்கில் நின்றுபோகும்.

ஆகவே ஆசிரியர்களும் நேர்முகத் தேர்வு நடத்துபவர்களும் அந்தப் பிள்ளைகளைத் தனியாக அழைத்து வாக்கியத்தைத் திருத்துங்கள். பலர் முன்னால் சிரிக்காதீர்கள். மனு எழுதுபவர்கள் ‘ஆவன செய்யவும்’ என்று முடிக்காமல், ‘எங்கள் தெருவில் நான்கு கம்பங்களில் விளக்கு எரியவில்லை, பேரூராட்சி இந்த மாதத்துக்குள் மாற்றித் தர வேண்டும்’ என்று எழுதுங்கள். மழுப்பலான பதில் வந்தால், மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் போனது, அவர் என்ன செய்தார் என்று 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் அந்த அலுவலகம் பதில் தர வேண்டும்.

(தொடரும்)