கிழிந்தால்தான் நல்லது!

அடுப்பில் குக்கர். மூணு விசில் வந்தாச்சு. நாலாவது வரக் காணோம். வெயிட்டுக்குக் கீழே உள்ள துவாரத்தில் ஒரு பருப்புத் தோல் அடைத்துக்கொண்டுவிட்டது. அப்புறம்? மூடியில் ஓரமாக ஒரு சின்ன சேஃப்டி வால்வ் இருக்கிறதே, அதற்குள் உள்ள உலோகக் கலவை சூட்டில் உருகி வழி விடும். சாம்பார் கூரையில் கோலம் போடும். ஆனால் குக்கர் வெடிக்காது!

தொழிற்சாலைகளில் இந்தத் தம்பிக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் ரப்ச்சர் டிஸ்க். வேறொன்றுமில்லை, மெல்லிய உலோகத் தகடு. ரசாயனத் தொட்டிகளின் தலையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் கண்மூடித் திறப்பதற்குள் 'டப்'பென்று கிழிந்துவிடும். வால்வு மாதிரி திறந்து மூடுகிற ஜோலியெல்லாம் கிடையாது. ஆயுளில் ஒரே ஒரு தடவை கோபம், உடனே ராஜினாமா! புதுசு மாட்ட வேண்டியதுதான்.

இந்தத் தகட்டோடு வரும் சீட்டில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று அழுத்தம். இன்னொன்று, எந்தச் சூட்டில் அந்த அழுத்தம் என்பது. முதலாவதை மட்டும் பார்த்து வாங்கினால் வம்புதான். ஏனென்றால் சூடு ஏற ஏற உலோகத்தின் பலம் குறையும். அறைச் சூட்டுக்கு 10 பார் என்று செய்த தகட்டை 200 டிகிரியில் மாட்டினால், 10 வருவதற்கு முன்பே கிழிந்து சரக்கு வீணாகும். போகட்டும், பணம்தானே! தலைகீழாக யோசியுங்கள். 200 டிகிரிக்கு 10 பார் என்று செய்த தகடு குளிர்ந்த தொட்டியில் 10-ஐத் தாண்டியும் அசையாது. தகடு கிழியாவிட்டால் தொட்டி கிழியும்.

இன்னொரு சூட்சுமம். சில இடங்களில் வால்வுக்கு அடியில் டிஸ்க்கை மாட்டுவார்கள். நடுவில் ஒரு பிரஷர் மீட்டர் அவசியம். தகட்டில் ஊசித் துளை விழுந்து மேல் பக்கமும் அழுத்தம் சேர்ந்துவிட்டால், இரண்டு பக்கமும் இடிபட்டு, கிழிய வேண்டிய நேரத்தில் கிழியாமல் நிற்கும்.

சரி, டிஸ்க் ஒழுங்காகக் கிழிந்தால் போதுமா? போதாது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு. போபால் யூனியன் கார்பைடு ஆலை. 610-ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து மெத்தில் ஐசோசயனேட் பொங்கியது. டிஸ்க் கிழிந்தது. வால்வு திறந்தது. தொட்டி வெடிக்கவில்லை. ஆனால் வெளியேறிய விஷத்தைக் கழுவ வேண்டிய ஸ்க்ரப்பரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் ரிப்பேருக்காகக் கழற்றப்பட்டிருந்தது. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தம். தகடு டியூட்டி பார்த்தது; மற்றவர்கள் லீவு. செத்தது ஆயிரக்கணக்கான ஜனங்கள்.

மேன்ஷன் அறையில் பொங்கித் தின்னும் பிரம்மச்சாரிகளே! குக்கரின் சேஃப்டி வால்வ் உருகிவிட்டால் அதே கம்பெனியின் வால்வை வாங்கிப் போடுங்கள். ஓட்டையில் ஒரு போல்ட்டை முறுக்கி 'அட்ஜஸ்ட்' பண்ணாதீர்கள். உருக வேண்டியது உருகட்டும், கிழிய வேண்டியது கிழியட்டும். அதுக்குத்தானே அதற்குச் சம்பளம்!