படகு மோட்டாரும் அதற்கேற்ற எண்ணெயும்

படகின் பின்புறம் மாட்டப்படும் மோட்டார், கடல் நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதாகும். கார் என்ஜின் ஏறக்குறைய 90 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் ஓட, இதுவோ பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டியே ஓடும்; உஷ்ணம் மிகுந்தால் நீர்ப்பாதைகளில் உப்புப் படியும்.

டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் எண்ணெயும் எரிபொருளுடன் சேர்ந்தே எரிகிறது. கார் எண்ணெயை ஊற்றினால், அதிலுள்ள உலோகச் சேர்க்கைகள் சாம்பலாகும். குறைந்த உஷ்ணத்தில் அக்கசடு நீங்காது பிஸ்டனிலும் ஸ்பார்க் பிளக்கிலும் படிந்து, படகு நடுக்கடலில் நின்றுவிட நேரும். சில ரூபாய் மிச்சத்திற்காக இவ்வாபத்தைத் தேடிக்கொள்வது விவேகமன்று. டப்பாவில் 'டி.சி.-டபிள்யூ.3' என்ற குறியுள்ள சாம்பலற்ற எண்ணெயையே, மோட்டாரின் கையேட்டிற் கண்ட அளவில் கலத்தல் வேண்டும்.

நல்ல எண்ணெயாயினும், குளிர்நீர் தடைப்பட்டால் பயனில்லை. பக்கத்துத் துளையினின்று நீர் பீச்சுவது நின்றால், உடனே என்ஜினை நிறுத்தி, உறிஞ்சும் வாயிற் பாசியோ பிளாஸ்டிக் தாளோ அடைத்துள்ளதா என்று சோதிக்கவும்.