கணக்குத் தாள்களுக்கு வர்ண எச்சரிக்கை
தவணை தவறாதிருக்க ஓர் உபாயம்

பயிர் செழித்து விளைந்தும், தவணைத் தேதியைக் கவனியாமையால் பொருள் இழக்கும் குடியானவர் உண்டு. கிசான் கடன் அட்டையின் பேரில் வங்கிகள் 3 லட்சம் ரூபாய் வரையில் அளிக்கும் குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு, 2025-ஆம் ஆண்டு விதிப்படி, வட்டி நூற்றுக்கு 7 வீதமாகும். தவணைக்குள் செலுத்துவோருக்கு அதில் 3 வீதம் தள்ளப்படுகிறது. 1,00,000 ரூபாயை ஓராண்டு வைத்திருந்தவர் தேதி தவறினால் 3,000 ரூபாய்ச் சலுகையை இழப்பார். தமிழ்நாட்டுத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் தவணை தவறாதவருக்குப் பயிர்க்கடன் வட்டியே இல்லை. ஆதலின் அங்கே மறதியின் விலை இன்னும் அதிகம்.

இக்காலத்தில் மிராசுதாரர் பலர் கணக்கைக் கணினி விரிதாளில் எழுதி வருகின்றனர். ஒரே புத்தகத்தில் வயலுக்கு ஒன்றாகவோ கடனுக்கு ஒன்றாகவோ பல தாள்கள் அமைக்கலாம். ஒவ்வொன்றின் பெயரும் அடியிலுள்ள சிறு பட்டையில் காணப்படும். தாள்கள் பத்துக்கு மேற்பட்டால் எதை முதலில் திறப்பதென்று விளங்காது. தவணை நெருங்கிய தாளின் பட்டை தானாகவே சிவந்து நின்றால், திறவாமலே விஷயம் விளங்கும்.

செய்முறை

தாள்தோறும் ஒரே இடத்திலுள்ள கட்டத்தில் தவணைத் தேதியை எழுதுக. அடுத்த கட்டத்தில், தவணைத் தேதியிலிருந்து இன்றைய தேதியைக் கழிக்கும் சூத்திரத்தை இடுக. மீதமுள்ள நாட்கள் கிடைக்கும். 30 நாட்களுக்கு மேலிருந்தால் பச்சை, 8 முதல் 30 வரை மஞ்சள், 7-உம் அதற்குக் குறைந்ததும் சிவப்பு என வகுத்துக்கொள்க. கடன் தீர்ந்ததைக் குறிக்க மற்றொரு கட்டம் வேண்டும். அது நிரம்பினால் பட்டைக்கு வர்ணம் வேண்டுவதில்லை.

கட்டத்திற்கு நிபந்தனைப்படி வர்ணம் தரும் வசதி விரிதாளிலேயே உண்டு. பட்டைக்கு அவ்வசதி இல்லை. எக்ஸெலில் மாக்ரோ என்னும் சிறு கட்டளைத் தொகுதியும், கூகுள் ஷீட்ஸில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்பதும் அவ்வேலையைச் செய்யும். மீத நாட்களைப் படித்து அதற்கேற்ற வர்ணத்தைப் பட்டைக்கு இடுமாறு சில வரிகளில் எழுதிவிடலாம். கணினி கற்ற இளைஞர் எவரும் இதில் உதவக்கூடும்.

பெரும்பாலோர் தவறும் இடம்

கட்டத்தில் ஒருவர் கையால் எழுதும்போது மட்டும் கட்டளை இயங்குமாறு அமைத்துவிடுவது சாதாரணமான பிழை. நாட்கள் குறைவது எவரும் எழுதுவதால் அன்று. சூத்திரம் தானே கணக்கிடுவதால். அம்மாறுதலைக் கையெழுத்து மாறுதலாக விரிதாள் கருதுவதில்லை. ஆகவே நாட்கள் 40-லிருந்து 5-க்கு இறங்கியும் பட்டை பச்சையாகவே நிற்கும். எச்சரிக்கையே இல்லாதவர் பஞ்சாங்கத்தையாவது பார்ப்பார். பொய்ப் பச்சையை நம்பியவர் அதையும் பாரார்.

இதற்குப் பரிகாரம், எக்ஸெலில் புத்தகம் திறக்கப்படும்போதும் தாள் மறுபடி கணக்கிடப்படும்போதும் கட்டளை இயங்குமாறு அமைப்பதாம். கூகுள் ஷீட்ஸிலோ தினந்தோறும் காலையில் இயங்குமாறு நேரம் குறித்துவிடலாம். புத்தகம் மூடியிருந்தாலும் வேலை நடைபெறும்.

தேதியை எழுதுவதிலும் கவனம் வேண்டும். நாள், மாதம், வருஷத்திற்கு இடையே புள்ளியிட்டு எழுதுவது நம் வழக்கம். பல கணினிகள் அதைத் தேதியாகக் கொள்ளாமல் வெறும் எழுத்தாகக் கொள்கின்றன. சூத்திரத்தில் பிழைக்குறி தோன்றும். கட்டளை நடுவில் நின்று, பழைய வர்ணமே நிலைத்துவிடும். ஆதலின் தேதிக் கட்டம் வெறுமையாயினும், பிழைக்குறி தோன்றினும், பட்டை கறுப்பாகுமாறு விதி செய்க. சந்தேகம் உள்ளவிடத்தில் பச்சை ஒருபோதும் கூடாது.

வேறு எச்சரிக்கைகள்

எக்ஸெல் புத்தகத்தை மாக்ரோவுக்குரிய வகையிலேயே சேமிக்க வேண்டும். சாதாரண வகையில் சேமித்தால் கட்டளை அழிந்துபோகும். கைப்பேசியிலுள்ள எக்ஸெலில் மாக்ரோ இயங்காது. அறியாதவர் அனுப்பிய புத்தகத்தில் மாக்ரோவை அனுமதித்தல் அபாயம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதவர் உண்டாகையால், முகப்புத் தாளில் மீத நாட்களை எண்ணாகவும் காட்டுவது நலம்.

சங்கக் காரியதரிசிகளும் கிராம அதிகாரிகளும் இம்முறையை வேறு கணக்குகளுக்கும் கைக்கொள்ளலாம். ஏரிக்கு ஒரு தாளாக நீர்மட்டத்தைக் குறித்து, குறிப்பிட்ட அடிக்குக் கீழ் இறங்கியதும் பட்டை சிவக்குமாறு செய்யலாம்.

அமைத்து முடித்த அன்றே ஒரு தாளில் தேதியை மாற்றி மூன்று வர்ணங்களையும், பிழையாக எழுதிக் கறுப்பையும் சோதித்துப் பார்ப்பது அவசியம். அதன்பின் வாரம் ஒரு முறையாவது வங்கிச் சீட்டுடன் தேதிகளை ஒத்துப்பார்க்க வேண்டும். தேதி பிசகாக எழுதப்பட்டிருந்தால் வர்ணமும் பிசகியே நிற்கும்.