எலியின் இதயத்தைக் காத்த மூலிகை மனிதனிடம் ஏன் தடுமாறுகிறது?

ஐசோபுரோட்டரெனால் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. அட்ரினலினைப் போலவே இதயத்தை முடுக்கிவிடக்கூடியது. எலியின் உடல் எடையில் கிலோவுக்கு 85 மில்லிகிராம் வீதம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை தோலுக்கடியில் இதைச் செலுத்தினால், இரத்தக் குழாயில் அடைப்பே இல்லாமல் இதயத் தசை செத்துப்போகிறது. ஐசோபுரோட்டரெனாலால் எலிக்கு மாரடைப்பு போன்ற புண் உண்டாவதை 1959இல் கனடாவின் மான்ட்ரியலில் ஜார்ஜ் ரோனா குழுவினர் விவரித்தார்கள். 'மன அழுத்தத்திலிருந்து இதயத்தைக் காக்கும் மூலிகை' என்று நாம் படிக்கும் செய்திகளில் பலவும் இந்த எலிகளின் முதுகில் ஏறி வருபவைதான்.

ஏன் இந்த ஊசி? அதிர்ச்சியோ பயமோ கோபமோ வந்தால் உடம்பு அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் இரத்தத்தில் கொட்டுகிறது. அவை இதயச் செல்லின் மேலுள்ள பீட்டா ஏற்பிகளைத் தட்டுகின்றன. செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, துடிப்பு வேகமெடுக்கிறது. அளவோடு இருந்தால் ஓடித் தப்பிக்க இதுதான் உதவும். அளவு மீறினால் கால்சியம் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைக்கிறது. அதே நேரத்தில் இந்த ஹார்மோன்களே ஆக்சிஜனேற்றம் அடைந்து, செல் சவ்வை அரிக்கும் தீவிர மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. செத்த தசையிலிருந்து டிரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் கசிகிறது. மாரடைப்பு சந்தேகம் என்றால் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனையில் தேடுவது இதைத்தான்.

மனிதர்களிடமும் இது நடக்கிறது. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஜெர்மனி அணி ஆடிய நாட்களில், மியூனிக் வட்டாரத்தில் இதய அவசர நோயாளிகளின் வரத்து வழக்கத்தைவிட 2.66 மடங்கானது. 1990 வாக்கில் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட 'டகோட்சுபோ' நோய் இன்னும் தெளிவான சாட்சி. துக்கச் செய்தியோ பெரும் அதிர்ச்சியோ கேட்டபின் இதயத்தின் அடிமுனை பலூன் போல உப்பி, துடிக்காமல் நிற்கும். பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் இவர்களின் இரத்தத்தில் அழுத்த ஹார்மோன்கள், சாதாரண மாரடைப்பு நோயாளிகளிடம் இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தன.

இனி மூலிகைக்கு வருவோம். நெல்லியிலும் கடுக்காயிலும் உள்ள கேலிக் அமிலம், வெங்காயத்தின் குவெர்செட்டின், பம்ப்ளிமாஸில் உள்ள நாரிஞ்சின் என ஒவ்வொன்றும் இந்த எலிச் சோதனையில் தேறியவை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையிலிருந்தே இத்தகைய ஆய்வுகள் பல வந்திருக்கின்றன. ஒழுங்காகச் செய்த வேலைகள்தான் அவை. ஆனால் அவற்றின் அமைப்பைக் கவனியுங்கள்: சில நாட்களோ வாரங்களோ மூலிகைச் சேர்மத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே ஊசி போடுகிறார்கள். காயம் வரப்போகும் நாள் ஆய்வாளருக்கு முன்கூட்டியே தெரியும். நமக்குத் தெரியாது. எலிக்கு வருவது ஒரே அடி. மனிதனுக்கு இருப்பதோ கடன், தூக்கமின்மை, சர்க்கரை, இருபது வருடப் புகைப்பழக்கம்.

இன்னொரு சிக்கல், வாயில் போட்டது இதயத்துக்குப் போய்ச் சேருவது. குவெர்செட்டினும் மஞ்சளின் குர்குமினும் குடலையும் ஈரலையும் தாண்டுவதற்குள் பெரும்பாலும் உருமாறிவிடுகின்றன. ஆய்வகத் தட்டில் செல்லைக் காப்பாற்றிய மூலக்கூறு வேறு, இரத்தத்தில் சுற்றுவது வேறு. 'ஆன்டிஆக்சிடன்ட்' என்ற பட்டத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. இதய நோய் ஆபத்துள்ள 9,541 பேரில் பாதிப் பேருக்கு வைட்டமின் ஈயும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் சுமார் நாலரை ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000இல் வெளியானது. மாரடைப்பு குறையவில்லை.

தாவரத்திலிருந்து வந்து, அழுத்த ஹார்மோன் மீதே கைவைத்து ஜெயித்தது ஒன்று உண்டு. சர்ப்பகந்தி. அதன் வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் 1949இல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தது. நரம்பு நுனிகளில் நார்அட்ரினலின் சேமிப்புப் பைகளுக்குள் போகவிடாமல் அது தடுக்கிறது. கையிருப்பே காலியானால் கொட்டுவதற்கு என்ன இருக்கும்? ஒரு மில்லிகிராமில் நான்கில் ஒரு பங்கே போதும். 'பொதுவாக நல்லது' என்ற ரகமல்ல இது. எந்தப் பூட்டில் எந்தச் சாவி என்று தெரிந்த மருந்து. மூளையின் கையிருப்பையும் அது விட்டுவைக்காததால் மனச்சோர்வுப் புகார்கள் எழுந்தன. பிறகு பீட்டா தடுப்பான்கள் வந்தன, ரிசர்பைன் ஓரங்கட்டப்பட்டது. வேலை செய்யும் மூலிகைக்குப் பக்கவிளைவும் இருக்கும் என்பதை ஏற்க நமக்கு ஏனோ மனம் வருவதில்லை.

நாட்டு மருந்துக் கடைகளில் இதயத்துக்கென்று கேட்டால் எடுத்துத் தருவது மருதம்பட்டை. நீர்மருது மரத்தின் பட்டை. 1995இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் கடும் இதயச் செயலிழப்பு உள்ள 12 பேருக்கு அது நல்ல பலன் தந்தது. 2016இல் டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் இன்னும் பெரிய அளவில், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு 12 வாரம் சோதித்தபோது, இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் கூடவில்லை. சிலருக்கு நடமாடும் தெம்பும் அறிகுறிகளும் சற்றுத் தேறின. இது ஒன்றுமில்லை என்று ஒதுக்கத் தக்கதல்ல. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு நம்பவும் தக்கதல்ல.

அந்த நிறுத்தத்தில்தான் உண்மையான ஆபத்து. மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பான்களை நெடுநாள் சாப்பிடுபவரின் இதயத்தில், அடைபட்ட ஏற்பிகளுக்கு ஈடாகப் புதிய ஏற்பிகள் பெருகியிருக்கும். மூலிகைக்கு மாறுகிறேன் என்று மாத்திரையைச் சட்டென்று விட்டால், அத்தனை ஏற்பிகளும் ஒரே நேரத்தில் அட்ரினலினுக்குத் திறந்துகிடக்கும். நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட அப்படி வந்திருக்கின்றன. அந்த மாத்திரையைக் குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மருதம்பட்டைக் கஷாயம் குடிப்பதையும் அவரிடம் மறைக்கக் கூடாது.