கேனானா? நிக்கானா? கேமரா வாங்கும் முன் கவனிங்க!

காந்திகிராமம்:
கல்யாண சீசன் நெருங்கினால் கேமரா வாங்க கிளம்பி விடுகிறார்கள் நம்ம ஊர் இளைஞர்கள். கிராமிய பல்கலை மாணவர் முதல் சின்னாளபட்டி சுங்குடி சேலையை படம் பிடித்து விற்பவர் வரை கேட்கும் கேள்வி, "கேனான் 1500டி-யா, நிக்கான் டி3500-ஆ?"

இரண்டுமே 2018-ல் வந்தவை. இரண்டிலும் 24 மெகாபிக்சல்தான். அதனால மெகாபிக்சலை பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

கேனான் நொடிக்கு 3 படம், நிக்கான் 5 படம் எடுக்கும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் கேனான் சுமார் 500 படம், நிக்கான் 1,550 படம் தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. முகூர்த்தம் முதல் பந்தி வரை சார்ஜருக்கு அலைய வேண்டாம்.

அப்போ நிக்கான்தானா? அங்கேதான் சிக்கல். டி3500-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை மலிவான 'ஏஎஃப்-டி' 50 எம்.எம். லென்சை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்யணும். தாலி கட்டும் நேரத்தில் படம் மங்கலானால் திருப்பிக் கட்டச் சொல்லவா முடியும்? மோட்டார் உள்ள 'ஏஎஃப்-எஸ்' லென்சு என்றால் விலை கூடும். கேனானில் மலிவான 50 எம்.எம். லென்சே தானாக ஃபோகஸ் ஆகி விடும்.

டி3500 தயாரிப்பு 2022-ல் நிறுத்தப்பட்டு விட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. பழையதாக வாங்குவோர் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கு என்று பார்த்த பிறகே பணம் கொடுக்கணும்.

இரண்டிலுமே வெளி மைக் மாட்ட வழியில்லை. வீடியோ தொழிலுக்கு ஆகாது. கடன் வாங்கி கேமரா எடுப்பவர்கள் லென்சுக்கும் சேர்த்து பணம் ஒதுக்கினால்தான் போட்ட காசை எடுக்க முடியும்.